காலியாகக் கிடந்த கட்டம்: வடாற்காட்டுக் கல்லூரி நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வடாற்காட்டுப் பகுதிக் கல்லூரி நூலகர்களுக்கும், அவர்களுக்குக் கணினி பார்த்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும், செலவுச் சீட்டில் கையெழுத்துப் போடும் தாளாளர்களுக்கும்,

வணக்கம்.

பழைய வடாற்காடு மாவட்டத்தை 1989-இல் ஒருமுறை, 2019-இல் ஒருமுறை என்று பிரித்துப் பிரித்து இப்போது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நாலு பலகை தொங்குகிறது. எனக்கு இன்னும் எல்லாம் வடாற்காடுதான். ஒரு கல்லூரி நூலகத்தில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற பொறுமை இல்லை. அதனால் கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் பேருந்தில் போய், கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவவும், பழைய அக்செஷன் ரெஜிஸ்டரை, அதாவது புத்தக வரவுப் பதிவேட்டை, கணினியில் ஏற்றவும், பார்கோடு ஒட்டவும் உதவுகிறேன். குடியாத்தம் பக்கம், ஆம்பூர் பக்கம், வாலாஜா பக்கம் என்று சுற்றியதில் ஒரே தவறை வெவ்வேறு உருவத்தில் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

விஷயம் பார்க்கச் சின்னது. நூலக மென்பொருளின் எந்தச் சேவையை, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் விலாச எண்) வருகிறவர்களுக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது என்பது. செட்டிங்ஸில் ஒரு கட்டம், அதில் நாலைந்து எண். பூட்ட வேண்டிய இடத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறோம். திறந்து வைக்க வேண்டிய இடத்தில் பூட்டித் தொலைக்கிறோம். அதுதான் என் புகார்.

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். பேருந்து எண்ணைச் சொன்னாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். அங்கே மாணவர்களுக்கு ஒரு செல்போன் ஆப் வாங்கியிருந்தார்கள். எடுத்த புத்தகத்தைப் பார்க்கலாம், தவணையை நீட்டிக்கலாம், வெளியே போயிருக்கும் புத்தகத்துக்கு முன்பதிவு செய்யலாம். நல்ல ஆப்தான். அந்த ஆப் கம்பெனியின் சர்வர், கல்லூரியின் கோஹாவோடு ஐஎல்எஸ்-டிஐ என்ற சேவை வழியாகப் பேசும். தவணை நீட்டிப்பு ஏதோ தவறாகக் காட்டுகிறது, வந்து பாருங்கள் அக்கா என்று நூலகர் கூப்பிட்டார்.

செட்டிங்ஸைத் திறந்தேன். ‘ஐஎல்எஸ்-டிஐ ஆத்தரைஸ்டு ஐபிஸ்’ என்ற கட்டம் காலி.

கணினி பார்க்கும் தம்பியைக் கேட்டேன். “அதுல நம்பர் இருந்தா ஆப் ஓடல மேடம், அதான் எடுத்துட்டேன்” என்றான். எப்போது எடுத்தாய் என்றேன். இன்டர்நெட் லைன் மாற்றியபோது, முந்தின வருடம் பொங்கலுக்கு முன்னால். சாயங்காலம் திரும்பப் போட்டுவிடலாம் என்று எடுத்தது. பதினாறு மாதம் ஆகியிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்தேன். மொபைல் டேட்டாவில், கல்லூரிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு ஆளாக, அந்தச் சேவைக்கு ஒரு உறுப்பினர் எண்ணைக் கொடுத்தேன். பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், எடுத்திருக்கும் புத்தகங்கள், கட்ட வேண்டிய அபராதம் எல்லாம் வந்து விழுந்தன. அடுத்த எண், அடுத்த மாணவி. அதற்கடுத்த எண், அதற்கடுத்தவர். வரிசையாக எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். நாலாவது எண்ணில் முதல்வரே வந்தார். இரண்டு புத்தகம் எடுத்து ஒன்பது மாதமாகத் திருப்பவில்லை. நூலகர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அக்கா, ஹாஸ்டல் பிள்ளைங்க நம்பர் எல்லாம் இதுலதானே இருக்கு” என்றார்.

ஆமாம், இதில்தான் இருக்கிறது. மூவாயிரம் பிள்ளைகளின் வீட்டு விலாசம்.

இது கோஹாவின் கோளாறு என்று யாரும் எழுந்து வர வேண்டாம். நியூசிலாந்தில் பிறந்து 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற மென்பொருள் அது. பெயருக்கே மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். ஐஎல்எஸ்-டிஐ என்பது அதில் தானாக ஓடுவதும் இல்லை; யாராவது இயக்கினால்தான் ஓடும். நூலகப் பட்டியலை அழகாகக் காட்டும் வேறொரு மென்பொருள், ‘இந்தப் புத்தகம் உள்ளே இருக்கிறதா, இந்த உறுப்பினர் யார், இவருக்குத் தவணை நீட்டிக்கலாமா’ என்று நூலக மென்பொருளிடம் கேட்பதற்காக வகுத்த முறை அது. இரண்டு இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. கேட்பது யார் என்று தனியாகப் பாஸ்வேர்டு கேட்டுச் சோதிக்கிற ஏற்பாடு அதில் கிடையாது. கேள்வி எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்பது ஒன்றே பூட்டு. கட்டத்தில் எண் இருந்தால் அந்த எண்களுக்கு மட்டும் பதில். காலியாக இருந்தால் ஊருக்கே பதில்.

காலி என்றால் ‘யாருக்கும் இல்லை’ என்று நம் மனசுக்குப் படும். மென்பொருளுக்கு அது ‘எல்லோருக்கும்’. இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடலை மூடுகிறவர்கள் மூடிக்கொள்ளலாம். மீதி எல்லாம் இதன் வால்தான்.

வாலும் நீளமாகத்தான் இருக்கிறது.

சிப்-2 என்று இன்னொன்று. வாசகர் தானே புத்தகத்தைப் பதிந்துகொள்ளும் கியாஸ்க், புத்தகத்தில் ஒட்டிய சில்லைப் படிக்கும் ஆர்எஃப்ஐடி கேட் வைத்திருக்கும் கல்லூரிகளுக்குத் தெரியும். 3எம் கம்பெனி அந்தக் காலத்தில் வகுத்த நெறிமுறை. கோஹாவில் வழக்கமாக 6001-ஆம் போர்ட்டில், அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள வாசலில், ஓடும். அதில் போகிற செய்தி எதுவும் மறைபொருளாகப் போகாது. லாகின் பெயர், பாஸ்வேர்டு, உறுப்பினர் விவரம் எல்லாம் அஞ்சலட்டை மாதிரி திறந்த எழுத்தாகப் போகும். கியாஸ்க்கும் சர்வரும் ஒரே கட்டடத்தில் இருந்த காலத்தில் அது பாதகமில்லை. இப்போது சர்வரை மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு எடுத்துவிட்டு, கியாஸ்க்கை இங்கே காட்பாடியில் வைத்து, நடுவில் திறந்த இணையத்தில் சிப்-2 ஓட்டுகிறார்கள். போர்ட்டையும் உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கே ஐபி கட்டுப்பாடு மட்டும் போதாது. நடுவில் செய்தியை மறைத்துக் கொண்டுபோகும் ஒரு விபிஎன் குழாய் வேண்டும். வயர்கார்டு மாதிரி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சர்வரின் காவல் சுவரான ஃபயர்வாலில் அந்தப் போர்ட் அந்தக் குழாய்க்கு மட்டும் திறந்திருக்க வேண்டும்.

சரி, கட்டத்தை நிரப்பிவிட்டோம், இனி தூங்கலாம் என்கிறவர்களுக்கு.

என்ன எண்ணால் நிரப்பினீர்கள்? நான் அதிகம் பார்த்தது 192.168-இல் தொடங்கும் எண்ணை. ஒரு கல்லூரியில் அதைப் பெருமையாகக் காட்டினார்கள். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை இந்த மூன்றும் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கிய எண்கள். நம் வீட்டில் ஒரு ‘அம்மா’, எதிர்வீட்டில் ஒரு ‘அம்மா’ இருப்பது மாதிரி, குடியாத்தத்திலும் இருக்கும், டோக்கியோவிலும் இருக்கும். சர்வர் கல்லூரிக்குள் இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. வெளியே இருக்கும் சர்வருக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் கல்லூரி முழுக்க அதன் கண்ணுக்கு ஒரே ஒரு பொது முகவரியாகத்தான் தெரியும். 192.168 போட்டீர்கள் என்றால் உங்களை நீங்களே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். பிறகு ‘ஓடல மேடம்’ என்று கட்டத்தைக் காலி செய்வீர்கள். கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஒற்றை எண்ணா, அடுத்தடுத்த எண்களைச் சேர்த்த ரேஞ்சா என்பதும் இருக்கிறது. /29 என்று எழுதினால் 8 முகவரி, /24 என்றால் 256, /16 என்றால் 65,536. தெருவுக்குள் ஒரு வீட்டுக்குச் சாவி கொடுக்கப் போய் முழுத் தெருவுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆப் கம்பெனிக்காரரிடம் முகவரி கேட்டால் ‘எதுக்கும் பெருசாப் போட்டுக்கோங்க சார்’ என்பார்கள். அவர்களது சர்வர் இருக்கும் வாடகை இடத்தில் பக்கத்து எண்ணில் யார் குடியிருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இரண்டு சர்வர் என்றால் இரண்டு எண். அவ்வளவு போதும்.

இன்னொரு நுணுக்கம், இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். சில மென்பொருள்கள் முகவரியை எண்ணாகக் கணக்குப் போடாமல் எழுத்தாக ஒப்பிடும். அப்படிப்பட்டதில் 192.168.1 என்று எழுதினால் 192.168.1.5 நுழையும், கூடவே 192.168.10.5-ம் 192.168.100.5-ம் சேர்ந்து நுழையும், ஏனென்றால் எல்லாம் 192.168.1 என்றுதான் தொடங்குகின்றன. ரேஞ்ச் எழுதலாமா, எண்களுக்கு நடுவில் கமாவா வேறு குறியா என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். கட்டத்தின் பக்கத்திலேயே பொடி எழுத்தில் எழுதியிருக்கும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

இதைவிடப் பெரிய வலி, நம் ஊர் இணைய இணைப்பு. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே 429 கோடி சொச்சம். ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரி பங்கிடும் ஆப்நிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. பற்றாக்குறையைச் சமாளிக்க இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குள் பல வீடுகளை, பல கடைகளை அடைக்கின்றன. இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை உள்ள 41,94,304 எண்களைத் தனியாக ஒதுக்கினார்கள். சாதாரண பிராட்பேண்ட் வாங்கிய கல்லூரி தன் பொது முகவரி என்று நினைத்துக் கட்டத்தில் எழுதுவது, பக்கத்துப் பிரியாணிக் கடைக்கும் சேர்த்துத் திறந்த கதவாக இருக்கலாம். அதோடு மின்சாரம் போய் வந்தால் மோடம் வேறு எண்ணோடு எழுந்திருக்கும். மே மாதத்தில் வேலூரில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் தாளாளர்களையும் இந்த மடலில் இழுத்தேன். ஐயா, அம்மா, நிலையான ஐபி முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ‘நெட் வருதில்ல, அது எதுக்கு?’ என்று அந்த வரியை அடித்துவிடாதீர்கள். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற செலவில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. லைனை மாற்றுகிறபோது நூலகத்துக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லுங்கள். நான் சொன்ன பதினாறு மாதக் கதையில் தம்பி மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. லைன் மாறுவதே அவனுக்கு அன்று காலைதான் தெரிந்தது. கணக்கு அலுவலகம் முடிவெடுத்தது, கம்பெனிக்காரர் வந்தார், பழைய ஒயரைப் பிடுங்கினார். பத்து மணிக்கு ஆப் நின்றது, பதினொன்றுக்கு முதல்வர் கூப்பிட்டுச் சத்தம் போட்டார், பன்னிரண்டுக்குக் கட்டம் காலி. அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இப்போது கோட்டைக்கு வருகிறேன். வேலூர்க்காரி கோட்டையைச் சொல்லாமல் ஒரு மடலை முடிக்க முடியுமா? அகழி, மதில், உள்ளே போக வாசல். ஐபி ரேஞ்ச் என்பது அந்த மாதிரி ஏற்பாடு. உள்ளே இருப்பவன் நம்மவன், வெளியே இருப்பவன் அந்நியன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களை எதிர்த்து எழுந்த சிப்பாய்கள் அகழியைத் தாண்டி வரவில்லை. அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். சிப்பாய்கள் செய்ததை நான் தவறென்று சொல்லவில்லை. மதிலை நம்பிப் படுத்தவர்களின் கணக்கைத்தான் சொல்கிறேன். உங்கள் கல்லூரியின் பொது முகவரியை ஊழியர் லாகினுக்கு அனுமதித்தீர்கள் என்றால், கவுண்டரில் இருக்கும் அம்மாவின் கணினியும், விடுதியில் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் இரண்டாமாண்டுக் கணினி அறிவியல் மாணவனின் கைப்பேசியும் வெளியே இருக்கும் சர்வருக்கு ஒரே முகம்தான். அதே வைஃபை, அதே முகவரி. அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆர்வமானவன். அபராதம் வேறு பாக்கி இருக்கும்.

ஊழியர் பக்கத்துக்கு முகவரிப் பட்டியல் ஒரு வெளி மதில். அதற்குள்ளே ஆளாளுக்குத் தனி லாகின், நல்ல பாஸ்வேர்டு, முடிந்தால் இரண்டாவது பூட்டாகக் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண் வேண்டும். ‘லைப்ரரி’ என்ற ஒரே லாகினை ஐந்து பேர் பயன்படுத்துவதும், அந்தப் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருப்பதும் நான் போன பாதி இடங்களில் உண்டு. மாணவர் வைஃபைக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் வெளியே போகிற முகவரியைப் பிரித்து வைக்க முடியுமானால் இன்னும் நல்லது. நிலையான முகவரி ஒன்றுக்கு இரண்டாக வாங்கினால் இது நடக்கும்.

சர்வருக்கு முன்னால் வேறொரு சர்வர் நிற்கிற ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. கணினித் தம்பிகள் இதைக் கவனமாகப் படியுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். கிளவுட்ஃபிளேர் மாதிரியோ, நீங்களே வைத்த எஞ்சின்எக்ஸ் மாதிரியோ ஒரு பிராக்ஸி முன்னால் நின்றால், கோஹாவுக்கு வருகிற எல்லாக் கேள்வியும் அந்தப் பிராக்ஸியின் முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும். பிராக்ஸி முகவரியைப் பட்டியலில் போட்டீர்களோ, முடிந்தது. உலகமே அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. உண்மையான முகவரியைப் பிராக்ஸி ஒரு தலைப்பு வரியில் எழுதி அனுப்பும். ஆனால் அந்த வரியை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். அதனால் எந்தப் பிராக்ஸியின் சொல்லை மட்டும் நம்புவது என்று கோஹாவின் கட்டமைப்புக் கோப்பில் தனியாக எழுத ஓர் இடம் இருக்கிறது. அதை எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் உங்கள் பட்டியல் சுவரில் மாட்டிய காலண்டர்.

இனி மறுபக்கம். இங்கே எனக்குக் கோபமே வரும்.

பாதுகாப்பு என்று சொல்லி ஓபேக்கைப் பூட்டியிருக்கிறார்கள். நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது என்ற வெறும் பட்டியலை, கல்லூரி முகவரியிலிருந்து மட்டும் பார்க்கலாம் என்று. ஒடுகத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண் இரண்டு பேருந்து மாறி வந்து, கவுண்டரில் நின்று, ‘அந்தப் புத்தகம் வெளியே போயிருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு வகுப்புக்குப் போனாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டிலிருந்தே போனில் பார்க்க ஏன் விடவில்லை என்றதற்கு, ‘ஹேக் பண்ணிடுவாங்க மேடம்’ என்றார்கள். புத்தகத் தலைப்பை ஹேக் பண்ணி என்ன செய்வார்கள்? அதே கல்லூரியில் ஊழியர் லாகின் பக்கம் உலகம் முழுக்கத் திறந்திருந்தது. இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதனை இங்கே நான் இழுக்கப் போவதில்லை. ஆகஸ்ட் 12 நூலகர் தின மேடைக்கு அவர் வேண்டும்.

ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச காலமாகத் தானியங்கி நிரல்கள் நூலகப் பட்டியல்களை மொய்க்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்காகப் பக்கங்களை அள்ளிப் போகிறவை. ஓபேக்கில் ஒவ்வொரு தேடலும் சர்வருக்கு ஒரு வேலை. ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் தேடினால் சின்ன சர்வர் மூச்சு வாங்கும். அதற்கு ஒரு கல்லூரியில் மருந்து கண்டுபிடித்தார்கள்: தொந்தரவு வந்த ரேஞ்சுகளை எல்லாம் பெரிது பெரிதாக மூடினார்கள். மூடியதில் ஒன்று, நம் பிள்ளைகள் பாதிப் பேர் வைத்திருக்கும் மொபைல் நிறுவனத்தின் ரேஞ்ச். வெளிநாட்டு நிரல் வேறு முகவரியில் வந்துகொண்டே இருந்தது. பேரணாம்பட்டுப் பையன்தான் வெளியே நின்றான். வேகத்துக்கு வரம்பு வையுங்கள், ஒரே முகவரி நிமிடத்துக்கு இத்தனை முறைதான் தேடலாம் என்று. அந்த வரம்பையும் தாராளமாக வையுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன மாதிரி ஒரே முகவரிக்குள் நூறு பிள்ளைகள் இருக்கக்கூடும்.

மின்னிதழ்களிலும் இதே கதைதான். பதிப்பகங்கள் கல்லூரியின் ஐபி ரேஞ்சை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் திறப்பது பழைய வழக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், பணம் கட்டிய இதழ்கள் எல்லாம் பூட்டிய கட்டடத்தின் முகவரிக்குள் மாட்டிக்கொண்டன. பிள்ளைகள் வீட்டில், சந்தா வளாகத்தில். அப்போது கல்லூரிகளுக்கு மின்னிதழ் தரும் என்-லிஸ்ட் திட்டத்தை வைத்திருந்த கல்லூரிகள் தப்பித்தன, ஏனென்றால் அதில் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள். முகவரி என்ன என்று கேட்கவில்லை. பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கான மத்திய மையமான இன்ஃபிளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் ஏற்பாடும் அப்படித்தான், கல்லூரியின் சொந்த லாகினை வைத்தே பதிப்பகத்துக்குள் விடும். 2025 ஜனவரியிலிருந்து மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது; மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அது அரசு நிறுவனங்களுக்கு. அதில் சேர்ந்திருக்கும் கல்லூரி நூலகர்களுக்கு என் வேண்டுகோள்: ஐபி ரேஞ்சைப் பதிந்து கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். விடுமுறையில் வாணியம்பாடி வீட்டில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதும் பெண்ணுக்கு லாகின் கிடைத்ததா என்று பாருங்கள்.

ஆக நான் கேட்பது இதுதான். இயந்திரம் இயந்திரத்தோடு பேசும் சேவைகளுக்கு முகவரிப் பட்டியலை இறுக்கமாகப் போடுங்கள், ஒருநாளும் காலியாக விடாதீர்கள். வாசகர் வருகிற வாசலுக்கு ஆளைக் கேளுங்கள், ஊரைக் கேட்காதீர்கள். ஊழியர் பக்கத்துக்கு இரண்டும். பயன்படுத்தாத சேவை எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஐஎல்எஸ்-டிஐ எதற்கு ஓடுகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாத கல்லூரிகள் இருக்கின்றன. யாரோ என்றோ சோதித்துப் பார்த்து விட்டது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த முகவரி, யாருடையது, எதற்காக, என்றைக்குச் சேர்த்தது, யாரைக் கூப்பிட்டால் விவரம் தெரியும். நூலகர் மேசையில் இருக்கட்டும், தம்பி லேப்டாப்பில் வேண்டாம். தம்பிகள் ஓசூருக்கோ சென்னைக்கோ வேலை கிடைத்துப் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். நோட்டு இருக்கும். மாதத்துக்கு ஒருநாள், பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, சொந்த டேட்டாவில் உங்கள் சேவையைக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகாதீர்கள், திரும்பிப் போய்ப் பூட்டுங்கள்.

இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்று நினைக்கும் தாளாளர்களுக்கு மட்டும் ஒரு தகவல். தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. வைத்திருக்கும் தரவுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்யாமல் கசியவிட்டால் தண்டத்தொகை 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்தால் நிலையான ஐபி கட்டணம் மலிவாகத் தெரியும்.

அந்தக் கல்லூரியில் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அன்றைக்கே ஆப் கம்பெனியைக் கூப்பிட்டு அவர்களுடைய சர்வர் முகவரி இரண்டை வாங்கிக் கட்டத்தில் போட்டோம். என் கைப்பேசியில் திரும்பக் கேட்டோம். அனுமதி இல்லை என்றது. நூலகர் தேநீர் சொன்னார், ஆற்காடு மக்கன்பேடாவும் வந்தது. நான் ஒரு குயர் நோட்டு வாங்கிக் கொடுத்து முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுத வைத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் காலையில் தம்பி போன் செய்தான். ஆப் நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். புது முகவரி கேட்டால், ஆள் இல்லை, நாளைக்குச் சொல்கிறோம் என்கிறார்கள். “இன்னிக்கு ஒருநாள் காலியா விட்டுடட்டுமா மேடம்? சாயங்காலம் கண்டிப்பா போட்டுடறேன்.”

வேண்டாம் என்றேன். முதல்வரிடம் நூலகரே போய்ப் பேசினாராம். அன்று முழுக்க ஆப் ஓடவில்லை. தவணை நீட்டிக்க வேண்டிய பிள்ளைகள் கவுண்டருக்கு வந்தார்கள். வரிசை நாலு மணி வரை நின்றது. மறுநாள் மதியம் புது எண் வந்தது. நோட்டில் மூன்றாவது வரி எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினான். தேதி போட மறந்திருந்தான், போடச் சொன்னேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு கல்லூரி நூலகர்
வேலூர்